குரோமியத்தைப் பார்க்காத நுரையீரல் செல்கள்

போன மாதம் ஒரு பிஎச்டி வைவாவுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். தலைப்பு எனக்கு நெருக்கமானது: குரோமியத்தால் நுரையீரல் செல்களுக்கு வரும் பாதிப்பு, அதை ஒரு மூலிகைச் சாறு எப்படித் தடுக்கிறது. மாணவி ராணிப்பேட்டைப் பக்கம். முன்னுரையில் ஊரைப் பற்றியே இரண்டு பக்கம் எழுதியிருந்தார். சிப்காட்டில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை, அங்கே குவிந்து கிடக்கும் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாகக் கசியும் தண்ணீர். படித்ததுமே தெரிந்தது, இந்தப் பெண் பட்டத்துக்காக மட்டும் இந்தத் தலைப்பை எடுக்கவில்லை.

நான் கேட்ட முதல் கேள்வி:

"சாறை எப்போ ஊத்தினீங்கம்மா?"

"குரோமியம் போடறப்போ சேர்த்துதான் சார்."

"முன்னாடியே ஊத்தி, கழுவிட்டு, அப்புறம் குரோமியம் போட்டுப் பார்த்தீங்களா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்ல சார். பேப்பர்ல எல்லாரும் சேர்த்துதான் சார் போடறாங்க."

அவர் சொன்னது உண்மை. எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். நானும் அப்படிப் போட்டவன்தான். அதனால் இந்தக் குறிப்பு அந்த ஆய்வேட்டைப் பற்றியது இல்லை. "இன்ன உலோகம் நுரையீரல் செல்லை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் கொல்கிறது, இன்ன பொருள் காப்பாற்றுகிறது" என்று வருடாவருடம் வந்துகொண்டே இருக்கும் ஒரு வகைக் கட்டுரையைப் பற்றியது.

அந்தக் கட்டுரையின் அச்சு எல்லாருக்கும் தெரியும். 96 குழித் தட்டில் ஏ549 செல்கள். பொட்டாசியம் டைகுரோமேட் 10, 20, 50 மைக்ரோமோலார். 24 மணி நேரம். எம்டிடி போட்டால் உயிருள்ள செல்கள் குறையும். பச்சையாக ஒளிரும் சாயம் போட்டால் ஃப்ரீ ரேடிக்கல் கூடியிருக்கும். வெஸ்டர்ன் பிளாட்டில் காஸ்பேஸ்-3. பிறகு சாறையோ என்-அசிட்டில் சிஸ்டீனையோ சேர்த்தால் எல்லாம் தலைகீழாகும், செல்கள் பிழைக்கும். முடிவுரையில் "எனவே இது தொழிலாளர்களுக்குப் பயன்படக்கூடும்" என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் எனக்கு உறுத்தல். அது மட்டும்தான் ஆய்வகத்தை விட்டு வெளியே போகிறது. செய்தியில் வரும், லேகிய டப்பாவில் ஒட்டுவார்கள்.

என்ன தப்பு என்று சொல்ல, குரோமியம் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குரோமியம்-6 நம் உடலின் அமிலகார நிலையில் குரோமேட் அயனியாக இருக்கும். வடிவத்தில் அது சல்ஃபேட்டைப் போலவே இருக்கும். செல்லுக்குச் சல்ஃபேட் வேண்டும், அதற்கென்று வாசல் வைத்திருக்கிறது. குரோமேட் அந்த வாசல் வழியாகவே உள்ளே போய்விடும். குரோமியம்-3-க்கு அந்த வேஷம் கிடையாது, சுலபமாக நுழைய முடியாது. (தோல் பதனிடப் பயன்படுத்துவது குரோமியம்-3. குரோமேட் ஆலையில் கையாண்டது குரோமியம்-6. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் கட்டுரைகள் நம்மூரில் நிறைய.) உள்ளே போன குரோமியம்-6 சும்மா இருக்காது. வைட்டமின் சி, குளுட்டதியோன், சிஸ்டீன் மூன்றும் அதற்கு எலக்ட்ரான் கொடுத்து குரோமியம்-3 ஆக்கிவிடும். ஆன பிறகு வெளியே வர வழியில்லை. அங்கேயே டிஎன்ஏவோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்ளும். கேடு அங்கேதான் தொடங்குகிறது.

அதாவது, குரோமியம்-6 எந்த இடத்தில் குரோமியம்-3 ஆகிறது என்பதுதான் எல்லாமே. செல்லுக்கு வெளியே ஆனால் பாதுகாப்பு. செல்லுக்கு உள்ளே ஆனால் பாதிப்பு. செய்யும் பொருள் ஒன்றேதான்.

இப்போது அந்தக் கட்டுரையின் அச்சைத் திரும்பிப் பாருங்கள். குரோமியத்தோடு சாறையும் ஒரே குழியில் ஊற்றுகிறோம். சாறில் பாலிஃபீனால் இருக்கும், வைட்டமின் சி இருக்கும். வைட்டமின் சி மட்டுமே போதும், மீடியத்தில் இருக்கும் குரோமியம்-6-ஐ செல்லைத் தொடும் முன்பே மாற்றிவிட. செல் பிழைத்தது சரி. ஆனால் அது குரோமியத்தை எதிர்த்துப் பிழைத்ததா, இல்லை குரோமியத்தைப் பார்க்கவே இல்லையா? கட்டுரையில் இதற்குப் பதில் இருக்காது. கீப்1, என்ஆர்எஃப்2 என்று பெரிய வரைபடம் இருக்கும். நடந்தது வெறும் குழாய் வேதியியலாக இருக்கலாம். செல்லே இல்லாத குழியிலும் அது நடந்திருக்கும்.

கண்டுபிடிக்கக் கோடிக்கணக்கில் கருவி வேண்டாம். டைஃபீனைல்கார்பசைடு என்று ஒரு வினைப்பொருள், குடிநீரில் குரோமியம் பார்க்கிறவர்கள் எல்லாரிடமும் இருக்கும். அமிலத்தில் குரோமியம்-6 இருந்தால் ஊதாச் சிவப்பாகும், 540 நானோமீட்டரில் அளக்கலாம். சீரமும் ஃபீனால் ரெட்டும் இல்லாத மீடியத்தில் குரோமியத்தையும் சாறையும் கலந்து இன்குபேட்டரில் வைத்து, மணிக்கொரு தடவை எடுத்துப் பார்த்தால் போதும். நிறம் அப்படியே இருந்தால் சாறு ஏதோ உருப்படியாகச் செய்கிறது. நிறம் காணாமல் போனால் கதை வேறு. ஒரு நாள் வேலை. இதைச் செய்த கட்டுரைகளை நான் மிகச் சிலவே பார்த்திருக்கிறேன்.

எம்டிடியிலும் இதே பொறி உண்டு. எம்டிடி மஞ்சளிலிருந்து ஊதாவாவது ஒரு எலக்ட்ரான் ஏற்றம். எலக்ட்ரான் கொடுக்கும் சாறு செல்லே இல்லாமல் அதை ஊதாவாக்கிவிடும். நாம் "செல்கள் 90 சதவீதம் உயிரோடு" என்று எழுதிக்கொள்வோம். செல் இல்லாத ஒரு குழியைச் சேர்த்து வைத்தால் தெரிந்துவிடும்.

காட்மியம் கட்டுரைகளில் இதன் இன்னொரு உருவம். என்-அசிட்டில் சிஸ்டீன் சேர்த்ததும் செல் பிழைத்தது, ஆகவே காட்மியம் ஃப்ரீ ரேடிக்கல் மூலமாகத்தான் கொல்கிறது என்பார்கள். அந்தப் பொருளில் ஒரு கந்தகக் கை இருக்கிறது. காட்மியத்துக்குக் கந்தகம் என்றால் உயிர். இரண்டும் கட்டிக்கொண்டு மீடியத்திலேயே நின்றுவிட்டால் ரேடிக்கலுக்கு அங்கே என்ன வேலை? அந்தச் சோதனை நிரூபிப்பதாகச் சொல்வதை நிரூபிக்கவில்லை.

இதுவரை சொன்னது செல்லுக்கு வெளியே. உள்ளே இருக்கும் சிக்கல் இதைவிடப் பெரியது.

மனிதனால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். தட்டில் வளரும் மனித செல்லுக்கும் அதே நிலைதான். ஆனால் நாம் வழக்கமாக ஊற்றும் டிஎம்இஎம், ஆர்பிஎம்ஐ மீடியங்களில் வைட்டமின் சி கிடையாது. சீரத்தில் இருந்ததும் சேமிப்பிலேயே வீணாகியிருக்கும். உடலில் இருக்கும் நுரையீரல் செல்லில் வைட்டமின் சி மில்லிமோலார் அளவில் உண்டு. தட்டில் இருக்கும் செல்லில் அதில் இருபதில் ஒரு பங்கு கூட இருக்காது. பழைய கப்பல் மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நம் செல்களுக்கு எப்போதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஆய்வுகளுக்கு இது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். குரோமியத்துக்கு இதுதான் விஷயமே. உடலில் குரோமியம்-6-ஐ மாற்றும் வேலையில் பெரும்பகுதியை வைட்டமின் சி செய்கிறது. அது இல்லாத செல்லில் குளுட்டதியோன் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. பாதை மாறுகிறது: குளுட்டதியோன் வழியில் குரோமியம்-5 என்ற இடைநிலை அதிகம் உருவாகி ரேடிக்கல்களைக் கிளப்பும். வைட்டமின் சி வழியில் அது குறைவு. ஆக, நம் தட்டுகளில் ஃப்ரீ ரேடிக்கல் இவ்வளவு பிரமாதமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், நம் செல்கள் பட்டினியாக இருப்பது. நாம் அதை நோயின் காரணமாக எழுதிவிட்டோம்.

பிரவுன் பல்கலைக்கழகத்தில் அனடோலி ஷிட்கோவிச் குழு இதைத்தான் சரிசெய்து பார்த்தது. செல்லுக்கு முதலில் வைட்டமின் சியை ஊட்டி, உடலில் இருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன் பிறகு குரோமியம் கொடுத்தார்கள். பாதுகாப்பு கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. டிஎன்ஏ இழை முறிவும் பிறழ்வும் அதிகமாயின. 2007-ல் நியூக்ளியிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழில் வந்த கட்டுரை அது. முறிவுகளை உண்டாக்குவது ரேடிக்கல் இல்லை, செல்லின் சொந்தப் பழுதுபார்ப்பு ஏற்பாடு. டிஎன்ஏவில் தவறான இணையைத் திருத்தும் புரதங்கள் குரோமியம் ஒட்டிய இடத்தைப் பிழை என்று எண்ணி வெட்டப் போய், முறிவில் முடிகிறது.

இதிலிருந்து இன்னொன்று வருகிறது. அந்தத் திருத்தும் ஏற்பாடே இல்லாத செல்லுக்குக் குரோமியம் அவ்வளவு தொல்லை தராது. சுற்றியிருப்பவை சாக, அது பெருகும். ஆனால் திருத்தம் இல்லாததால் அதன் டிஎன்ஏவில் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானில் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுக் கட்டிகளை எடுத்துப் பார்த்தபோது, அந்த வகைப் பிழைகளின் தடயம் மற்றவர்களின் கட்டிகளைவிட அடிக்கடி தென்பட்டது. 2002-ல் வெளியானது. தட்டில் கண்டதும் மனிதரில் கண்டதும் இப்படி ஒன்றோடொன்று பேசினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். நம் அச்சுக் கட்டுரைகளுக்கு மனிதரின் கட்டியோடு எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை.

அடுத்தது செல் தேர்வு. ஏ549 என்பது 1972-ல் 58 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் புற்றிலிருந்து எடுத்தது. அதில் கீப்1 மரபணு கெட்டுப்போயிருக்கிறது என்பது 2006 முதலே தெரியும். கீப்1 தான் என்ஆர்எஃப்2-வைக் கட்டிவைத்திருக்கும் கயிறு. கயிறு அறுந்ததால் என்ஆர்எஃப்2 எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், குளுட்டதியோன் எப்போதும் நிறைந்திருக்கும். எச்சரிக்கை மணி நிற்காமல் அடிக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, திருடன் வந்தபோது மணி அடித்ததா என்று ஆராய்வது போன்றது, ஏ549-ல் என்ஆர்எஃப்2 பற்றி ஆராய்வது.

சரி, புற்று வேண்டாம், "சாதாரண" பியாஸ்-2பி வாங்கலாம் என்பார்கள். 1988-ல் சாதாரண மூச்சுக்குழாய்ச் செல்லை வைரஸ் மரபணு கொடுத்துச் சாகாமல் செய்தது அது. அந்த வைரஸ் புரதம் பி53-ஐப் பிடித்து முடக்கிவிடும். டிஎன்ஏ பழுதானால் கத்த வேண்டிய பி53 அங்கே வாயடைத்துக் கிடக்கிறது. அது போக, சீரம் ஊற்றி வளர்த்தால் அந்தச் செல்கள் தட்டையாகி இயல்பே மாறிவிடும். நம்மூரில் எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் சீரம்தான். எந்தச் செல்லும் சுத்தமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கேள்விக்கு எந்தச் செல் ஊமை என்று தெரிந்து எடுக்க வேண்டாமா?

கடைசியாக நேரம். 24 மணி நேரம் என்பது செல்லின் வசதிக்காக வந்ததில்லை. நாம் மறுநாள் காலை வந்து பார்க்க வசதி. லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஜான் வைஸ் குழு ஜிங்க் குரோமேட் துகள்களை மனித நுரையீரல் செல்களுக்குக் கொடுத்து 24 மணியிலும் 120 மணியிலும் பார்த்தது. 24 மணியில் முறிந்த டிஎன்ஏவை ஒட்டும் ராட்51 புரதம் மும்முரமாகத் தன் இடத்துக்கு வருகிறது. செல் சமாளிக்கிறது என்று எழுதிவிடலாம். 120 மணியில் அதே ஏற்பாடு படுத்துவிடுகிறது. முறிவுகள் மட்டும் தொடர்கின்றன. முதல் நாளோடு கடையைக் கட்டியவருக்கு நேரெதிர் முடிவுதான் கிடைத்திருக்கும்.

துகள் என்பதும் கவனிக்க வேண்டியது. தொழிலாளி கரைசலைச் சுவாசிப்பதில்லை, தூசியைச் சுவாசிக்கிறார். ஜப்பானியத் தொழிலாளர்களின் நுரையீரலில் குரோமியம் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் கவைகளில் திட்டுத் திட்டாகச் சேர்ந்திருந்தது. அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செல், வருடக்கணக்கில் மெல்லக் கரையும் குரோமியத்தோடு குடித்தனம் நடத்துகிறது.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். நுரையீரலின் உட்பரப்பில் ஒரு மெல்லிய திரவப் படலம் உண்டு. அதில் வைட்டமின் சியும் குளுட்டதியோனும் இருக்கின்றன. வரும் குரோமியம்-6-ல் ஒரு பகுதியை அது செல்லுக்கு வெளியிலேயே முறித்துவிடுகிறது. ஆக "வெளியே முறிப்பது" என்பது பொய்ப் பாதுகாப்பு இல்லை, உண்மையிலேயே உடல் செய்யும் வேலை. மூலிகைச் சாறு அதைத்தான் செய்கிறது என்றால் அப்படியே எழுதலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் வாயில் விழுங்கிய சாறு மூச்சுக்குழாயின் அந்தப் படலத்துக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கவையில் உட்கார்ந்த துகளின் காலடியில் அந்தப் படலம் தாக்குப்பிடிக்குமா என்பதற்கும். இதைப் படித்துவிட்டு யாரும் நெல்லிக்காயை நிறுத்த வேண்டாம். உடலுக்கு வைட்டமின் சி வேண்டும், அதில் மாற்றமில்லை. நெல்லிக்காய் சாப்பிட்டால் குரோமேட் தூசியில் நிற்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை குரோமியம்-6-ஐ முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று தருவது உறுதி என்ற பிரிவில், 1990-லேயே வைத்துவிட்டது. அதற்கு மருந்து தூசியை நிறுத்துவது, முகக்கவசம், கழிவை அள்ளுவது. சாறு இந்த மூன்றுக்கும் மாற்றாகப் பேசப்படும் நாள் வந்தால் யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கணக்கையும் வைத்துவிடுகிறேன். என் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயம் ஏ549, டைகுரோமேட், 24 மணி, என்-அசிட்டில் சிஸ்டீன். சேர்த்துத்தான் ஊற்றினேன். "ஆக்சிஜனேற்ற அழுத்தமே முதன்மைக் காரணம்" என்று எழுதினேன். அதைவிட அசிங்கம், ஒரு டைகுரோமேட்டில் இரண்டு குரோமியம் என்பதை மறந்து, அளவை அடுத்தவர் குரோமேட் அளவோடு நேராக ஒப்பிட்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வைவா எடுத்தவர் கேட்டிருந்தால், அடுத்த சில வருடங்களை வேறு மாதிரி செலவழித்திருப்பேன். என் மாணவர்களும் அதே அச்சில் வார்க்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த வைவா அறைக்குத் திரும்புகிறேன். பெண்ணுக்குப் பட்டம் கொடுக்காமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது, எண்கள் நேர்மையாக இருந்தன. இரண்டு திருத்தம் மட்டும் கேட்டேன். டைஃபீனைல்கார்பசைடு சோதனையை ஒரு பக்கமாகச் சேர்க்க வேண்டும், விடை எதுவானாலும். சுருக்கத்தில் இருந்த "தொழிலாளர்களுக்குப் பயன்படக்கூடும்" என்ற வரியை எடுக்க வேண்டும்.

முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்குக் கொஞ்சம் முகம் வாடியது. வெளியே வந்து டீ குடிக்கும்போது மெதுவாகக் கேட்டார்:

"அந்த வரிக்காகத்தான் சார் இதையே எடுத்தேன். எங்கப்பா கூட வேலை பார்த்தவங்க கேட்பாங்க, என்னம்மா கண்டுபிடிச்சேன்னு. என்ன சொல்றது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்து, தூசிதான் உள்ளே போகக் கூடாது, உள்ளே போன பிறகு குடிக்கும் எதுவும் அதைத் தடுக்கும் என்று நாங்கள் இன்னும் காட்டவில்லை, அதைச் சொல்லுங்கள் என்றேன். "அது அவங்களுக்கே தெரியும் சார்" என்றார். தெரியும்தான். ஆனால் ஒரு பிஎச்டி படித்த பெண் சொன்னாள் என்று அவர்கள் எங்கேயாவது மனுவில் எழுதலாம். இல்லாத பாதுகாப்பை இருப்பதாகச் சொல்லும் அந்த வரியை வைத்துக்கொண்டு அவர்களால் அதைச் செய்ய முடியாது.